புலியையும் மனிதரையும் காத்த ரைஃபிள்
ஜிம் கார்பெட் வாழ்க்கை

டில்லியில் இருந்து காத்கோதாமுக்கு ரயிலில் போய், அங்கிருந்து மலை ஏறினால் நைனிடால். இன்று தேனிலவு தம்பதிகள் படகு விடும் அந்த ஏரிக்கரை ஊரில்தான், 1875-ம் ஆண்டு ஜூலை 25-ந் தேதி எட்வர்ட் ஜேம்ஸ் கார்பெட் பிறந்தார். உலகம் அவரை ஜிம் கார்பெட் என்று அறியும். குமாவோன் மலைவாசிகளுக்கு அவர் "கார்பெட் சாகிப்".

தந்தை நைனிடால் போஸ்ட் மாஸ்டர். பெரிய குடும்பம். ஜிம்முக்கு ஆறு வயது நிறையும் முன்பே தந்தை இறந்துவிட்டார். விதவைத் தாய் சிக்கனமாகக் குடும்பத்தை நடத்தினார். கோடையில் நைனிடால், குளிர்காலத்தில் மலையடிவாரத்துக் காலாடுங்கி. காலாடுங்கி வீட்டைச் சுற்றிலும் காடு. சிறுவனுக்கு அதுவே பள்ளிக்கூடம்.

பித்தளைக் கம்பி சுற்றிய துப்பாக்கி

சிறுவன் கைக்கு வந்த முதல் துப்பாக்கி, வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி. யாரோ அளவுக்கு மீறி மருந்து போட்டதால் வலது குழல் வெடித்துப் பிளந்திருந்தது. தோளில் வைக்கும் மரக்கட்டையும் விரிசல் கண்டிருந்தது. குழலும் கட்டையும் பிரிந்துவிடாமல் பித்தளைக் கம்பி சுற்றியிருந்தார்கள். இருந்த ஒரு குழலை வைத்துக்கொண்டுதான் ஜிம் காட்டில் நடக்கப் பழகினார். தோட்டாவை வீணாக்கக் கூடாது, குறி தவறக் கூடாது என்ற பாடம் அப்போது பதிந்தது. பிறகு நைனிடால் தொண்டர் படையின் மாணவர் பிரிவில் சேர்ந்தார். அங்கே கிடைத்த மார்ட்டினி ரைஃபிளால், சிறுவனாக இருக்கும்போதே முதல் சிறுத்தையைச் சுட்டார்.

ரயில்வே வேலை

குடும்பக் கஷ்டத்தால் மேல்படிப்புக்கு வழியில்லை. பள்ளிப் படிப்பு முடிந்ததும் வங்காள - வடமேற்கு ரயில்வேயில் விறகு மேற்பார்வையாளராகச் சேர்ந்தார். தற்காலிக வேலை. மாதம் 100 ரூபாய் சம்பளம். அன்று என்ஜின்கள் விறகில் ஓடிய காலம்.

பிறகு பீகாரில் மொகாமே காட் துறையில் சரக்கு மாற்றும் குத்தகை கிடைத்தது. அங்கே கங்கைக்கு அப்போது பாலம் இல்லை. (இன்றுள்ள ராஜேந்திர பாலம் 1959-ல் திறக்கப்பட்டது.) தென்கரையில் அகல ரயில்பாதை, வடகரையில் மீட்டர் பாதை. ஒரு கரையில் இறங்கும் மூட்டைகள் ஆற்றைக் கடந்து மறு கரை வண்டியில் ஏற வேண்டும். கார்பெட் தானும் மூட்டை சுமந்தார். ஆரம்பத்தில் பல வாரம் கூலிக்குப் பணம் வராதபோது தொழிலாளர்களோடு சேர்ந்து அரைப்பட்டினி கிடந்தார். பின்னர் வந்த லாபத்தில் அவர்களுக்கும் பங்கு கொடுத்தார்.

அங்கே ஸ்டேஷன் மாஸ்டர் ராம் சரணுடன் சேர்ந்து, தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். ஒரே அறைக்குள் எல்லா ஜாதிப் பிள்ளைகளும் உட்காரக் கூடாது என்று தகராறு எழுந்தது. ராம் சரண் ஒரு யோசனை செய்தார். சுவர்களை எடுத்துவிட்டார். சுவர் இல்லாவிட்டால் அறை ஏது? கூரை மட்டும் நின்றது, பள்ளியும் நடந்தது. கார்பெட் அந்தத் துறையில் 20 ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார்.

சம்பாவத் புலி

1907-ல் சம்பாவத் பகுதியில் ஒரு பெண்புலி மக்களை நடுங்க வைத்தது. நேபாளத்தில் 200 பேர், குமாவோனில் 236 பேர், ஆக 436 பேரை அது கொன்றிருந்தது. அரசு கார்பெட்டை அழைத்தது. அறிவித்த பரிசை ரத்துச் செய்ய வேண்டும், மற்ற வேட்டைக்காரர்களைத் திருப்பி அழைக்க வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளோடு அவர் புறப்பட்டார்.

ஊராரைத் திரட்டிப் புலியை விரட்டிய அன்று அவரிடம் இருந்தவை மூன்றே தோட்டாக்கள். மூன்றும் தீர்ந்தன. புலி காயத்தோடு நின்றது. ஓடிப்போய் தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கி வந்தார். புலிக்கு அருகில் போய்த் துப்பாக்கியைத் தூக்கிய பிறகுதான் கவனித்தார். குழலுக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே கிட்டத்தட்ட அரை அங்குல இடைவெளி! சுட்டால் வெடித்து, சுடுகிறவர் முகத்தையே சிதைக்கலாம். வேறு வழியில்லை, சுட்டார். குண்டு புலியின் பாதத்தில்தான் பட்டது. நல்ல வேளையாக, முன்பு பட்ட காயங்களால் புலியின் உயிர் பிரிந்துகொண்டிருந்தது.

செத்த புலியின் வாயைத் திறந்து பார்த்தார். வலது பக்கத்து மேல் கோரைப்பல் பாதி இல்லை, கீழ்ப்பல் எலும்போடு போயிருந்தது. எப்போதோ யாரோ சரியாகக் குறி பார்க்காமல் சுட்ட குண்டின் வேலை அது. இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல்தான் அது மனிதரிடம் வந்தது. யாரோ ஒருவர் அரைகுறையாகச் சுட்டுவிட்டுப் போனதற்கு 436 குடும்பங்கள் விலை கொடுத்தன.

பரிசாக வந்த ரைஃபிள்

ஐக்கிய மாகாண லெப்டினன்ட் கவர்னர் சர் ஜான் ஹெவெட், நைனிடாலில் தர்பார் கூட்டி, தாசில்தாருக்கு ஒரு துப்பாக்கியும், கார்பெட்டுடன் துணையாகச் சென்ற கிராமத்தவருக்கு ஒரு வேட்டைக் கத்தியும் பரிசளித்தார். கார்பெட்டுக்குக் கிடைத்தது லண்டன் ரிக்பி கம்பெனியின் .275 ரைஃபிள். சம்பாவத் வெற்றியைக் குறிக்கும் வெள்ளித் தகடு அதன் மரக்கட்டையில் பதிக்கப்பட்டிருந்தது.

இத்தகைய ரைஃபிள்களில் தோட்டாவை ஏற்றி இறக்கும் எஃகு வேலை ஜெர்மனியின் மவுசர் அமைப்பு. கட்டை, அக்ரூட் மரம். இந்த மர வேலையில்தான் பழைய கைவினைஞர்களின் முழுத் திறமையும் தெரியும்.

மரத்தைப் பல ஆண்டுகள் உலர வைப்பார்கள். ஈரம் இருந்தால் பின்னால் முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய கட்டை குழலைத் தள்ளும். குழல் இம்மி நகர்ந்தாலும் நூறு கஜத்தில் குறி தவறும். கை பிடிக்கும் ஒடுங்கிய இடத்தில் மரத்தின் ரேகை நேராக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால், சுடும்போது பின்னுக்கு வரும் உதையில் அந்த இடம் ஒடிந்துவிடும்.

எஃகு உட்காரும் பள்ளத்தைக் கையாலேயே செதுக்கினார்கள். இரும்பில் விளக்குக் கரி தடவி மரத்தில் அழுத்துவார்கள். கரி ஒட்டிய மேட்டை மட்டும் சீவுவார்கள். மறுபடி கரி, மறுபடி சீவல். கடைசியில் மரத்துக்கும் எஃகுக்கும் நடுவே ஒரு தாள்கூட நுழையாது. கை வழுக்காதிருக்கப் பிடியில் குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கோடுகள் கீறுவார்கள். பிறகு ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து, நாள் கணக்கில் ஊற விடுவார்கள். வார்னிஷ் பளபளப்பு இல்லை. மழையிலும் வெயிலிலும் அடிபட்டால், மறுபடி எண்ணெய் தேய்த்தால் போதும்.

கனமில்லாத அந்த ரைஃபிள் மலை ஏறுகிறவருக்கு ஏற்றது. பத்ரிநாத், கேதார்நாத் யாத்திரைப் பாதையில் எட்டு ஆண்டுகளில் 125 பேரைக் கொன்ற ருத்ரபிரயாக் சிறுத்தையை, 1926 மே மாத இருளில் அதைக் கொண்டுதான் வீழ்த்தினார். 1930-ல் சௌகர் பெண்புலி எட்டு அடி தூரத்தில் படுத்திருந்தபோது, அவரது இடது கையில் ஒரு பறவையின் முட்டைகள் இருந்தன. வலது கையால் மட்டும் ரைஃபிளை மெல்ல மெல்லத் திருப்பிச் சுட்டார். உயிர் தப்பியதற்கு ரைஃபிள் இலேசாக இருந்ததும் ஒரு காரணம் என்று பின்னர் எழுதினார். 1938-ல் தாக் கிராமத்தில் கனமான இரட்டைக் குழல் ரைஃபிளால் கடைசி ஆட்கொல்லியைச் சுட்டபோது, அதன் உதையே அவரைப் பாறையில் இருந்து கீழே தள்ளியது.

துப்பாக்கியில் இருந்து காமிராவுக்கு

கார்பெட் ஆட்கொல்லிகளை மட்டும் சுட்டவர் அல்ல. 1930-ல் அவர் சுட்ட பவல்கர் புலி யாரையும் கொன்றதில்லை. ஆனால் வயது ஏற ஏற அவர் கை காமிராவை நாடியது. காட்டு ஓடைக் கரையில் மாதக்கணக்கில் காத்திருந்து புலிகளைப் படம் பிடித்தார். காடும் புலியும் அழிவதைத் தடுக்கப் பேசினார், எழுதினார். 1936-ல் ஹெய்லி தேசியப் பூங்கா அமைய அவரது முயற்சியும் துணை. 1944-ல் வெளிவந்த குமாவோன் ஆட்கொல்லிகள் பற்றிய நூல் அவரை உலகப் புகழ் பெறச் செய்தது.

திருமணம் செய்துகொள்ளவில்லை. 1947 நவம்பரில் சகோதரி மேகியுடன் கென்யாவுக்குப் போனார். 1955 ஏப்ரல் 19-ந் தேதி நையேரியில் காலமானார். பின்னர் அந்தப் பூங்காவுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 1973-ல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியதும் அங்கேதான்.

ரிக்பி ரைஃபிள் அவரது நூல்களை வெளியிட்ட ஆக்ஸ்போர்டு பதிப்பகத்துக்குப் போயிற்று. 2015-ல் ரிக்பி கம்பெனி அதைத் திரும்பப் பெற்றது. 2016-ல் குமாவோன் மலைக்கு அதை ஒருமுறை கொண்டு வந்து காட்டினார்கள். நூறாண்டுகளைக் கடந்த அந்த அக்ரூட் கட்டையில் வெள்ளித் தகடு இன்னும் இருக்கிறது.

காலாடுங்கி வீடு இப்போது அருங்காட்சியகம். பக்கத்தில் அவர் உருவாக்கிய சோட்டி ஹல்த்வானி கிராமம். பயிரைக் காட்டு மிருகங்களிடம் இருந்து காக்க, ஊரைச் சுற்றி அவர் எழுப்பிய கல்சுவர் அங்கே நிற்கிறது. நிலத்தைக் குடியானவர்களுக்கே விட்டார். கென்யாவில் இருந்தபடி சாகும்வரை அந்த நிலத்துக்கு வரியும் கட்டி வந்தார்.