கழற்றிப் பார்த்த கை

விருத்தாசலம் என்றதும் பக்தர்களுக்குப் பழமலைநாதர் நினைவுக்கு வருவார். பிரயாணிகளுக்கு ரயில் சந்திப்பு நினைவுக்கு வரும். தொழில் தெரிந்தவர்களுக்கோ பீங்கான்தான் நினைவுக்கு வரும். பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காக மேல் மண்ணை அகற்றும்போது கிடைக்கும் வெள்ளைக் களிமண் இந்த ஊர்த் தொழிலுக்குப் பெரும் துணை. மின்சார ப்யூஸ் கட்டைகள், பொம்மைகள் எனப் பல உருவங்கள் இங்கே சூளையில் வெந்து வெளியே வருகின்றன. பீங்கான் தொழிலைக் கற்றுத் தரும் அரசுக் கல்வி நிலையமும் இங்கே உண்டு.

பீங்கானுக்கு ஒரு குணம். சூளையில் ஒரு முறை வெந்துவிட்டால் அது மறுபடி களிமண் ஆகாது. உடைந்தால் உடைந்ததுதான். இரும்பு இயந்திரம் அப்படி அல்ல. திருகைக் கழற்றலாம், பாகம் பாகமாகப் பிரிக்கலாம், பழுதானதை எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்தலாம், முன்னிலும் நன்றாக ஓடவும் வைக்கலாம். பழைய மோட்டார் வண்டியை வீட்டுக் கொட்டகையில் நிறுத்தி, மாதக்கணக்கில் அதனோடு மல்லுக்கட்டி, உயிர் கொடுத்து ஓட்டுகிறவர்களுக்கு இந்த உண்மை நன்றாகத் தெரியும்.

தமிழ்நாட்டில் இந்த உண்மையைத் தம் வாழ்க்கையாகவே ஆக்கிக்கொண்டவர் ஒருவர் இருந்தார். அவர்தான் கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு.

மணலை வீசிய மாணவர்

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் தேதி, கோயம்புத்தூருக்கு அருகே கலங்கல் கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆசிரியர் மீது மணலை வீசியதற்காகப் பள்ளியிலிருந்து விலக்கப்பட்டார் என்பது அவர் வாழ்க்கையில் பிரசித்தமான செய்தி. தொடக்கக் கல்வியோடு அவருடைய படிப்பு நின்றது.

படிப்புதான் நின்றதே தவிர, அறியும் ஆசை நிற்கவில்லை. அது வேறு வாசல் வழியாகப் புகுந்தது. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஒரு நாள் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் இல்லாமல், குதிரையும் இல்லாமல், புகை கக்கிக்கொண்டு ஓடும் அந்த வண்டி இளைஞர் துரைசாமியின் மனத்தைக் கவ்விக்கொண்டது. அது இங்கிலாந்தில் செய்த ரட்ஜ் வண்டி.

பார்த்தவர்கள் எத்தனையோ பேர் வியந்திருப்பார்கள். வியப்போடு வீட்டுக்குத் திரும்பியும் இருப்பார்கள். துரைசாமி அப்படித் திரும்பவில்லை. அந்த வண்டி எப்படி ஓடுகிறது என்று தெரிந்தாக வேண்டும். அதற்கு அந்த வண்டியே தம் கைக்கு வந்தாக வேண்டும் என்று தீர்மானித்தார். கோயம்புத்தூருக்குச் சென்றார். ஓட்டலில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். காசு காசாகச் சேர்த்தார். கடைசியில் அந்த மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கினார்.

வாங்கிய வண்டியில் ஏறி ஊர் சுற்றினாரா? அதுதான் இல்லை. அதை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப்போட்டார்!

ஒரு வண்டி, ஒரு பாடசாலை

அந்தக் காலத்து ரட்ஜ் வண்டியில் ஒரே ஒரு சிலிண்டர்தான். என்ஜினின் சுழற்சியைப் பின் சக்கரத்துக்குக் கொண்டு போக ஒரு பெல்ட். இன்றைய வண்டிகளோடு ஒப்பிட்டால் மிக எளிய இயந்திரம். ஆனால் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாத இளைஞனுக்கு அதுவே ஒரு பெரிய பாடசாலை.

பெட்ரோலும் காற்றும் கார்புரேட்டரில் கலக்கின்றன. அந்தக் கலவை சிலிண்டருக்குள் நுழைகிறது. பிஸ்டன் மேலேறி அதை அழுத்துகிறது. சரியான கணத்தில் பொறி பறக்க வேண்டும். கொஞ்சம் முந்தினாலும் கெடுதல். கொஞ்சம் பிந்தினாலும் கெடுதல். அந்தப் பொறியை உண்டாக்கும் ஸ்பார்க் பிளக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். நடுவே வெள்ளையாகத் தெரிவது பீங்கான் இனம். மின்சாரம் வழி தவறி என்ஜினின் இரும்புக்குப் பாய்ந்துவிடாமல் காப்பது அதுதான். அந்த வெள்ளைக் குழலில் மயிரிழை விரிசல் விழுந்தாலும் பொறி தடுமாறும். வண்டி முரண்டு பிடிக்கும். விருத்தாசலத்துக் கைகளுக்குப் பழக்கமான மண் வித்தைக்கு மோட்டார் வண்டியின் நெஞ்சிலும் ஓர் இடம் உண்டு என்பது நம்மில் பலர் நினைத்துப் பாராத சங்கதி.

கழற்றுவது சுலபம், மறுபடி பூட்டுவதுதான் கஷ்டம். எந்தத் திருகு எந்தத் துளைக்கு உரியது, எந்த வளையம் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் நினைவில் இருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் வண்டி கிளம்பாது. நாயுடு பிரித்தார், பூட்டினார், படித்தார். அந்தப் படிப்பே அவரை மெக்கானிக் ஆக்கியது. புத்தகம் தராத பட்டத்தை ஒரு பழைய மோட்டார் சைக்கிள் தந்தது.

பொள்ளாச்சியிலிருந்து பழனிக்கு

இடையில் பஞ்சு வியாபாரத்தில் இறங்கிப் பணத்தை இழந்தார். சோர்ந்துவிடவில்லை. கோயம்புத்தூரில் தொழில் நடத்திய ஸ்டேன்ஸ் துரையின் உதவி கிடைத்தது. 1920ஆம் ஆண்டு ஒரு பஸ்ஸை வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே அதை ஓட்டினார்.

அந்நாளில் பஸ் ஓட்டுவது என்றால் வெறும் ஸ்டியரிங் பிடிப்பது அல்ல. நடுவழியில் வண்டி நின்றுவிட்டால் கூப்பிட ஆள் கிடையாது. ஓட்டுகிறவரே மூடியைத் திறந்து கை வைக்க வேண்டும். மோட்டார் சைக்கிளைக் கழற்றிக் கற்ற பாடம் நாயுடுவுக்கு அங்கே சோறு போட்டது. ஒரு பஸ் பல பஸ்கள் ஆயிற்று. யு.எம்.எஸ். என்ற மூன்றெழுத்து கொங்கு நாடெங்கும் பழக்கமான பெயர் ஆயிற்று.

பஸ் முதலாளி ஆனபிறகும் அவர் கை ஸ்பானரை விடவில்லை. உலக நாடுகளைச் சுற்றினார். போன இடமெல்லாம் இயந்திரங்களைப் பார்த்தார். கையில் சினிமா காமிராவும் இருந்தது. 1936இல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தையே படம் பிடித்தவர் அவர்.

1930களில் நீலகிரியின் பைக்காராவிலிருந்து மின்சாரம் கோவை வட்டாரத்துக்கு வந்தது. மின்சாரம் வந்தால் மோட்டார் வேண்டும். எத்தனை நாள் சீமையிலிருந்து இறக்குமதி செய்துகொண்டிருப்பது? 1937இல் நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து மின் மோட்டாரை இங்கேயே செய்தார்கள். இந்தியாவில் உருவான முதல் மின் மோட்டார் என்று இன்றும் போற்றப்படுவது அதுதான். கோவை பிற்காலத்தில் மோட்டார், பம்புசெட் நகரமாகப் பேர் எடுத்ததற்கு அங்கே போட்ட விதையும் ஒரு காரணம்.

பாட்டரியில் ஓடும் ரசாந்த் சவரக் கருவி, மிக மெல்லிய பிளேடு, மண்ணெண்ணெயில் சுழலும் விசிறி, பழரசம் பிழியும் கருவி, மோசடி செய்ய முடியாத ஓட்டுப் பதிவு இயந்திரம் என்று அவர் உருவாக்கியவை பல. ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று 1941இல் அறிவித்தார். பணக்காரர் வீட்டுக் கூடத்தில் இருந்த பொருளைச் சாதாரணக் குடும்பத்தின் திண்ணைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதே அவர் நோக்கம்.

நான்கு ஆண்டு எதற்கு?

1945இல் கோவையில் தொழிற்கல்வி நிலையங்கள் தோன்ற நாயுடு காரணமாக இருந்தார். அன்றைய சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப்பின் பெயர் அவற்றுக்குச் சூட்டப்பட்டது. இன்று கோவையில் உள்ள அரசு தொழில்நுட்பக் கல்லூரியின் மூலம் அதுவே. கல்லூரிப் படிப்பு படிக்காத நாயுடு அதன் முதல்வராக இருந்தார்!

பொறியியல் படிப்புக்கு நான்கு ஆண்டு வேண்டியதில்லை, இரண்டு ஆண்டே போதும் என்பது அவர் வாதம். மாணவன் கையால் வேலை செய்தால் மீதிக் காலம் மிச்சமாகும் என்று நம்பினார். சர்க்கார் ஒப்பவில்லை. அவர் பதவியை விட்டு விலகினார். அவர் சொன்னது முழுக்கச் சரி என்று எல்லாரும் ஏற்க மாட்டார்கள். ஆனால் பட்டம் பெற்றும் ஒரு நட்டைக் கழற்றத் தயங்கும் இளைஞனைப் பார்க்கும்போதெல்லாம் அவர் வாதம் நம் முன்னே வந்து நிற்கத்தான் செய்கிறது.

ஓடாமல் போன சின்னக் கார்

இனிச் சொல்லப் போவது மனத்தைக் குடையும் செய்தி.

1952இல் நாயுடு இரண்டு பேர் அமரக்கூடிய ஒரு சிறிய பெட்ரோல் காரை உருவாக்கினார். விலை 2,000 ரூபாய் மட்டுமே. அப்போது கார் என்பது ஜமீன்தார்களுக்கும் மில் முதலாளிகளுக்கும் உரிய பொருள். 2,000 ரூபாய்க் கார் வந்திருந்தால், டாக்டரும் வக்கீலும் நடுத்தர வியாபாரியும் அதில் ஏறியிருப்பார்கள். போருக்குப் பிந்திய ஐரோப்பாவிலும் அப்போது இதே யோசனைதான் ஓடிக்கொண்டிருந்தது. இத்தாலியின் இசெட்டாவும் ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட்டும் 1953இல் சின்னஞ்சிறு கார்களாக வீதிக்கு வந்தன. கோயம்புத்தூர்க்காரர் பின்தங்கி இருக்கவில்லை. காலத்தோடு ஒட்டியே நடந்தார்.

ஆனால் சர்க்கார் அனுமதி கிடைக்கவில்லை. தொழில் தொடங்க லைசென்ஸ் வேண்டும் என்ற சட்டம் அமலுக்கு வந்த காலம் அது. யார் கார் செய்யலாம், எத்தனை செய்யலாம் என்பதை டெல்லி தீர்மானித்தது. நாயுடுவின் கார் தொழிற்சாலையை எட்டாமலே நின்றது. நடுத்தரக் குடும்பத்துக்கென்று பேர்பெற்ற சின்னக் காரான மாருதி 800 ஓடத் தொடங்கியது 1983 டிசம்பரில். இடையே முப்பத்தொரு ஆண்டுகள் ஓடிவிட்டன. 1974 ஜனவரி 4ஆம் தேதி காலமான நாயுடு அதைப் பார்க்க இல்லை.

இயந்திரம் பழுதானால் அவரால் கழற்றிச் சரி செய்ய முடிந்தது. சர்க்கார் காகிதத்தைக் கழற்ற எந்த ஸ்பானரும் அவரிடம் இல்லை.

இன்று

கோவை அவிநாசி சாலையில் அவர் பெயர் தாங்கிய கார் அருங்காட்சியகம் 2015 முதல் இருக்கிறது. பழைய கார்கள் பளபளவென்று வரிசையாக நிற்கின்றன. அதே சாலையில் 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட சுமார் 10 கிலோமீட்டர் நீள மேம்பாலத்துக்கும் அவர் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது. ஒரு காலத்தில் காருக்கு அனுமதி கிடைக்காதவர் பெயரின்மேல் இன்று நாள்தோறும் கார்கள் ஓடுகின்றன!

வீட்டில் பழைய வண்டியைப் புதுப்பிப்பவர்களுக்கு இக்காலத்தில் சில விதிகள் உண்டு. 50 ஆண்டு தாண்டிய வண்டி அசல் உருவம் மாறாமல் இருந்தால், பழம்பெரும் வண்டி என்று தனிப் பதிவு பெறலாம்; 2021 முதல் இந்த வசதி இருக்கிறது. அப்படிப் பதிவான வண்டியைக் கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் எடுத்துச் செல்லலாம். அன்றாடம் ஓட்டக் கூடாது. தயாரித்த கம்பெனி குறித்த அமைப்பை இஷ்டம்போல் மாற்றுவதையும் மோட்டார் வாகனச் சட்டம் தடுக்கிறது. ஆகவே கை வைக்கும் முன் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது.

விதிகள் மாறும், வண்டிகளும் மாறும். மாறாதது ஒன்று உண்டு. ஒரு பொருளைக் காசு கொடுத்து வாங்கினால் அது நம் வீட்டுக்கு வரும். கழற்றிப் பார்த்துப் பூட்டினால்தான் அது நம் அறிவுக்கு வரும். கலங்கல் கிராமத்து விவசாயி மகன் ஓட்டலில் பரிமாறிச் சேர்த்த காசில் வாங்கியது வண்டியை அல்ல, அந்த அறிவைத்தான். விருத்தாசலத்துச் சூளையருகே மண் பிசையும் பையனுக்கும், கொட்டகையில் பழைய காரின் அடியில் படுத்திருக்கும் இளைஞனுக்கும் அவர் விட்டுச் சென்ற சொத்தும் அதுவே.