எண்ணூரில் கொட்டிய எண்ணெய் மெரினா வரை வந்தது எப்படி? அந்தக் காலத்திலேயே கடல் நீரோட்டத்தை கணக்குப் போட்ட ஜேம்ஸ் ரென்னெல் யார்?

2017 ஜனவரி 28. எண்ணூர் காமராஜர் துறைமுகம் அருகே 2 கப்பல்கள் மோதிக்கொண்டன. கொட்டிய எண்ணெய் திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, ராயபுரம் என கரையோரமாகவே தெற்கே இறங்கி மெரினாவையும் தொட்டது. வாளியில் அள்ளிய காட்சியை மறந்திருக்க மாட்டீங்க.

ஏன் தெற்கே? அந்த மாசம் வடகிழக்கில் இருந்து வாடைக்காற்று வீசும். அது கடலின் மேல்தண்ணீரைத் தள்ளும், மிதந்த எண்ணெயும் கூடவே போனது. அதே எண்ணெய் தென்மேற்குக் காற்று வீசும் மாசத்தில் கொட்டியிருந்தால் பழவேற்காடுதான் முதலில் மாட்டியிருக்கும்.

காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் உள்ள இந்த உறவை ஆயுசு முழுக்க துரத்தியவர் ரென்னெல். அவர் உயிர் தப்பிய வரலாறே ஒரு சென்னைப் புயல்ல தொடங்குது.

1742ல் இங்கிலாந்தில் பிறந்தவர். கடற்படையில் சேர்ந்து இந்தியா வந்து, 1763ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மாறினார். அப்போ சென்னையில் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் நடுக்கடலில் நிற்கும், ஆட்கள் மசூலா படகில் கரைக்கு வரணும். அந்த அக்டோபரில் அடித்த புயலில் அவர் கப்பல் ஆட்களோடு மூழ்கியது. கரையில் இருந்ததால் இவர் மட்டும் தப்பித்தார். பிறகு 'நெப்டியூன்' என்ற சின்னக் கப்பலில் பாக் நீரிணையையும் பாம்பன் கால்வாயையும் அளந்தார்.

அடுத்து வங்காளம். 1767ல் அங்கே சர்வேயர் ஜெனரல். (நில வரைபடத்துக்காகத்தான் அவர் பெயர் பாடப்புத்தகத்தில் வரும்.)

1777ல் ஊர் திரும்பும் வழியில் தென்னாப்பிரிக்கா முனையின் அகுலாஸ் நீரோட்டம் அவரை இழுத்துக்கொண்டது. அதன்பின் நூற்றுக்கணக்கான கப்பல்களின் லாக் புத்தகங்களைச் சேர்த்தார். வழி ரொம்ப எளிது: வேகத்தையும் திசையையும் வைத்து கப்பல் இருக்க வேண்டிய இடம் ஒன்று, சூரியனும் கடிகாரமும் காட்டும் இடம் இன்னொன்று. நடுவில் உள்ள வித்தியாசம்தான் நீரோட்டம்.

காற்று நேரடியாகத் தள்ளும் மெதுவான ஓட்டம், அப்படித் தள்ளப்பட்ட தண்ணீர் ஓரிடத்தில் குவிந்து ஆறு மாதிரி பாயும் ஓட்டம் என இரண்டாகப் பிரித்தார். அட்லாண்டிக்கில் வியாபாரக் காற்று மேற்கே தள்ளும் தண்ணீர்தான் வளைகுடா நீரோட்டமாகத் திரும்புகிறது என்பது அவர் பார்வை. பூமி சுழற்சியின் பங்கைச் சேர்த்து எக்மன் கணக்குப் போட்டது 1905ல்தான்.

1830ல் ரென்னெல் இறந்தபோது அந்த நூல் அச்சாகவில்லை. 1832ல் அதை வெளியிட்டவர் மகள் ஜேன். 1777 பயணத்தின்போது செயின்ட் ஹெலினா தீவில் பிறந்த அதே குழந்தை.