வேர்ச்சொல் தேடிய வில்ஹெல்ம் பிளீக்

தமிழில் ‘மனிதன்’ என்னும் சொல் ‘மனிதர்’ எனப் பன்மையாகுங்கால் மாற்றம் சொல்லின் இறுதியில் நிகழ்கின்றது. மேற்குக் கென்யாவில் வழங்கும் லோகூலி மொழியிலோ அம்மாற்றம் முதலில் நிகழ்கின்றது. ‘முண்டு’ என்பது ஒருவரைக் குறிக்கும். ‘வண்டு’ என்பது பலரைக் குறிக்கும். ‘ண்டு’ என்பதே வேர். நெடுந்தொலைவில், தென்னாப்பிரிக்காவின் சூலு மொழியிலும் அதே வேர் ‘உமுண்டு’, ‘அபாண்டு’ என நின்று விளங்குகின்றது. இவ்வுறவை உலகறியச் செய்தோருள் தலையாயவர் வில்ஹெல்ம் பிளீக்.

1827-இல் பெர்லினில் பிறந்த பிளீக், 1851-இல் பான் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1855-இல் பேராயர் கொலென்சோவுடன் நேட்டால் சென்று சூலு மொழியை ஆராய்ந்தார். பின்னர்க் கேப் டவுனில் ஆளுநர் ஜார்ஜ் கிரே திரட்டிய நூற்றொகுதியின் காப்பாளரானார்.

நம் கால்டுவெல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டது 1856-இல். ஆறாண்டுகள் கழித்து, தென்னாப்பிரிக்க மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் முதற்பகுதியைப் பிளீக் வெளியிட்டார். அடுத்த பகுதி 1869-இல் வந்தது. பெயர்ச்சொற்களை வகைப்படுத்தும் முன்னொட்டுகளை மொழிக்கு மொழி ஒப்பிட்டுக் காட்டிய அவர், ‘மக்கள்’ எனப் பொருள்படும் ‘பாண்டு’ என்னும் சொல்லையே அம்மொழிக் குடும்பத்திற்குப் பெயராக்கினார்.

1870 முதல், கேப் டவுன் சிறையிலிருந்த சான் இனத்தவர் சிலரைத் தம் இல்லத்தில் தங்கச் செய்து, அவர்தம் க்ஸாம் மொழியையும் கதைகளையும் எழுதத் தொடங்கினார். அது பாண்டுக் குடும்பத்தைச் சேராத மொழி. மனைவியின் தமக்கை லூசி லாயிட் உற்ற துணையானார். 1875-இல், தம் 48-ஆம் வயதில் பிளீக் மறைந்தார். லாயிட் அப்பணியைத் தொடர்ந்து 1911-இல் நூலாக்கினார். இன்று அம்மொழியைப் பேசுவோர் இல்லை. அக்குறிப்பேடுகளே அதன் பெருஞ்சான்றாய் எஞ்சியுள்ளன.

பிளீக்கும் மக்களினங்களை உயர்வு தாழ்வாக வரிசைப்படுத்திய தம் காலக் கருத்துகளினின்று விடுபட்டவரல்லர். அவர் சூட்டிய பெயருக்கு நேர்ந்த கதியோ இன்னும் கொடிது. நிறவெறி அரசு 1953-இல் இயற்றிய பாண்டு கல்விச் சட்டம், கறுப்பின மாணவர்க்குத் தாழ்ந்த கல்வியை வகுத்தது. மக்கள் எனப் பொருள்படும் சொல்லே மக்களை இழிவுபடுத்தும் முத்திரையாயிற்று.

மொழிகளின் வேறுபாட்டை இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்றாகக் கொள்பவர் நாம். சொல்லின் வேரைக் கற்கும் மாணவச் செல்வங்கள், அவ்வேரில் உறையும் மனிதரையும் மதிக்கக் கற்பார்களாக. அப்போதே நம் மொழிக்கல்வி நிறைவுறும்.