பூந்துணியும் கேர்தூ பாதிரியாரும்

ஜப்பானியத் தோட்டத்தைப் போலப் பூமரமும் பாலமும் மீன்களும் அச்சிட்ட பருத்தித் துணியைக் கடையில் காணும்போது, அயல்நாட்டுக் கலை என்று வியக்கிறோம். ஆனால், 17, 18ஆம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையின் பூந்துணிகளை டச்சுக் கப்பல்கள் ஜப்பானுக்குக் கொண்டு சென்றன. அங்கே அவற்றுக்குச் சரசா என்று பெயர். அந்தத் துணியின் இரகசியத்தை எழுதி வைத்த ஒருவரின் வாழ்க்கையை இங்கே கூற விழைகிறேன்.

காஸ்தோன் லொரான் கேர்தூ 1691இல் பிரான்சு நாட்டின் பூர்ஷ் நகரில் பிறந்தவர். இயேசு சபைத் துறவியாக 1732இல் இந்தியா வந்து, தெலுங்கு கற்று, அகராதியும் தொகுத்தார். அந்நாளில் பிரான்சில் பூந்துணிக்குத் தடை இருந்தது. 1686இல் விதித்த அத்தடை 1759இல்தான் நீங்கியது. தடை இருந்தும் அங்கே ஆசை அடங்கவில்லை, செய்முறைதான் தெரியவில்லை. கேர்தூ, தம்மிடம் திருமுழுக்குப் பெற்ற சாயத் தொழிலாளரைத் தனித்தனியே வினவி, ஒருவர் சொன்னதை மற்றவர் சொல்லோடு ஒப்பிட்டு, 1742இல் பாரிசுக்கு நீண்ட கடிதம் எழுதினார்.

அதில் கண்ட முறை இது: துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் நனைத்துக் காய வைப்பர். துளையிட்ட காகிதத்தின் வழியே கரித்தூள் தூவிப் பூவின் வடிவை எடுப்பர். கறுப்புக்கு இரும்புக் கரைசல். சிவப்புக்குப் படிகாரம் தீட்டிச் சாயவேரில் கொதிக்க வைத்தல். நீலம் ஏறக்கூடாத இடத்தில் மெழுகு பூசி அவுரியில் தோய்த்தல்.

வேதியியல் மாணவனாகிய எனக்கு இது வியப்பளித்தது. படிகாரத்தின் அலுமினியமே சாயத்தை நூலோடு பிணைக்கிறது. நம் ஆய்வகத்தில் லிட்மஸ் சேர்த்து அலுமினியத்தைக் கண்டறியும்போது நீலப் படிவு மிதக்கிறதே, அதுவும் இத்தகைய பிணைப்பன்றோ! சிவகாசி மத்தாப்பில் உலோக உப்பு நிறத்தைத் தருகிறது. பூந்துணியில் உலோகம் நிறத்தைப் பிடித்து வைக்கிறது.

அக்கடிதம் அச்சேறி ஐரோப்பா எங்கும் பரவியது. 1760இல் ஓபர்காம்ப் என்பவர் பாரிசுக்கு அருகில் ஜூயியில் துணி அச்சிடும் ஆலை கண்டு பெரும்புகழ் எய்தினார். செய்முறையைச் சொன்ன தொழிலாளரின் பெயரை உலகம் அறியவில்லை.

காலம் கேர்தூவையும் விடவில்லை. சமஸ்கிருதம், இலத்தீன், கிரேக்கம் ஆகியவற்றின் உறவை அவர் 1767இல் எழுதினார். அது 1808இல்தான் அச்சாயிற்று. அதற்குள், 1786இல் அதே கருத்தைக் கூறிய வில்லியம் ஜோன்ஸ் புகழ் பெற்றுவிட்டார். இந்துக்களின் பழக்கவழக்கங்கள் பற்றித் துபுவா பாதிரியார் பெயரில் வெளிவந்த நூல் பெரிதும் கேர்தூவின் கையெழுத்துப்படியைத் தழுவியது என்று 1987இல் சில்வியா முர் நிறுவினார். அவரோ 1779இலேயே புதுச்சேரியில் மறைந்துவிட்டார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பட்டாசுக்குத் திரி வெட்டும் என் அம்மாவின் கைப்பக்குவம் எந்தப் பாடநூலிலும் இல்லை. எழுதத் தெரிந்தவர் எழுதினால்தான் அறிவு நிலைக்கும். ஆனால் எழுதியவர் பெயர் மட்டுமே நிலைப்பது முறையாகாது. கேர்தூ எழுதியிராவிடில் அந்தத் தொழிலாளரின் திறம் இவ்வளவு விரிவாக நமக்குத் தெரிந்திராது. அந்த நன்றியோடு ஒன்று கூறுவேன். நண்பர்களே, நாளை நாமும் ஆய்வேடு எழுதுவோம். யாரிடம் கேட்டு அறிந்தோமோ, அவர் பெயரை முதற்பக்கத்திலேயே எழுதுவோம்!