மலைக்குடையவரைக் கேட்டார்களா?

நிலத்துக்குடையவன் சம்மதமின்றி அதனடியில் கிடக்கும் பொன்னைத் தோண்டலாமா? இந்தக் கேள்விக்கு அமெரிக்க அரசாங்கமே 1868-இல் பதில் எழுதிக் கொடுத்தது. லாரமி கோட்டை ஒப்பந்தம் என்று அதற்குப் பெயர். லக்கோட்டா மக்களுக்கென ஒதுக்கிய பெருநிலத்தில், கருங்குன்றுகள் அடங்கிய அந்தப் பூமியில், ஒரு துண்டைப் பெறுவதானாலும் வயது வந்த ஆண்களில் நான்கில் மூன்று பங்கினர் கையொப்பமிட வேண்டும், இல்லையேல் செல்லாது. (பெண்களைக் கேட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அந்தக் குறையை நாம் மறைப்பதற்கில்லை.)

அந்த விதி காற்றில் பறந்த கதைதான் சிட்டிங் புல் எனும் வீரரின் கதை.

1831 வாக்கில் ஹங்க்பாப்பா லக்கோட்டா குடியில் பிறந்தவர் அவர். 1868 ஒப்பந்தத்தில் அவர் கையொப்பமிடவில்லை. வெள்ளையரின் காகிதத்தை நம்பியோர் வேறு தலைவர்கள். நம்பாதவர் எண்ணியதே சரியாயிற்று. அதற்கு ஆறே ஆண்டுகள் போதுமாயிருந்தன.

1874-இல் கஸ்டர் எனும் படைத்தலைவன் ஆயிரம் பேரோடு கருங்குன்றுகளுக்குள் புகுந்தான். பொன் இருக்கிறது என்ற சேதி நாடெங்கும் பரவியது. சுரங்கக்காரர் கூட்டம் மொய்த்தது. 1875-இல் குழு ஒன்று வந்து பேரம் பேசியது: மலையை விற்றுவிட்டால் 60 லட்சம் டாலர், தோண்டும் உரிமை மட்டுமென்றால் ஆண்டுக்கு 4 லட்சம். கேட்டார்களே, அதுவரை சரி! கேட்பதென்றால் மறுக்கவும் உரிமை உண்டு என்றல்லவா பொருள்? சிலர் பெருந்தொகை கேட்டனர், சிலர் விற்கவே கூடாதென்றனர், பேரம் முறிந்தது. சிட்டிங் புல் அந்தக் கூட்டத்துக்கே போகவில்லை.

மறுத்ததற்குத் தண்டனை வந்தது. வேட்டை நிலங்களில் இருப்போர் அனைவரும் 1876 ஜனவரி 31-க்குள், உறைபனிக் காலத்தில், அரசாங்க நிலையங்களுக்கு வந்துவிட வேண்டும், வராதோர் பகைவர்! போர் மூண்டது. ஜூன் 25-இல் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் கஸ்டரும் அவனோடு நின்ற படைப்பிரிவும் மாண்டனர். உலகம் அந்தச் சண்டையைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. தோழர்கள் அதற்குப் பின் நடந்ததைக் கவனிக்க வேண்டும் என்போம் நாம்.

மலையைக் கொடுக்கும்வரை ரேஷன் கிடையாது என்று ஆகஸ்டில் சட்டமியற்றினார்கள். வேட்டை குறைந்து, அரசாங்கம் அளக்கும் மாவையும் இறைச்சியையும் நம்பிக் கிடந்த மக்களிடம், காகிதத்தோடு போனது இன்னொரு குழு. கையொப்பமிடு, அல்லது பட்டினி கிட! அப்போதும் கிடைத்தது பத்தில் ஒரு பங்கினரின் கையொப்பமே. வேலை நிறுத்தத்தின்போது வீட்டு அரிசியைத் தடுத்துவிட்டு வாங்கும் கையெழுத்தை, எந்தத் தொழிலாளியாவது ராஜி என்பானா? 1877 பிப்ரவரி 28-இல் அதைச் சட்டமாக்கி மலையை எடுத்துக்கொண்டார்கள். அங்கே தோண்டிய ஹோம்ஸ்டேக் சுரங்கம் 2002 வரை பொன் அள்ளியது.

சிட்டிங் புல் கனடா சென்றார். பசி அவரை 1881-இல் திரும்பக் கொண்டுவந்தது. ஈராண்டு காவல். 1885-இல் வேடிக்கைக் காட்சி அரங்கிலும் நின்றார் அந்த வீரர்! 1888-இல் மிச்ச நிலத்தையும் கேட்டுக் குழு வந்தபோது கையொப்பத்தை எதிர்த்தார். அந்தக் குழு வெறுங்கையோடு திரும்பியது. மறு ஆண்டு வந்த குழு காரியத்தை முடித்துக்கொண்டது. 1890 டிசம்பர் 15 விடியலில் அவரைக் கைது செய்யப் போலீசார் வந்தனர். அவர்கள் அவர் இனத்தாரே. அவர்கள் குண்டுக்கே இரையானார்.

1980-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம், உரிய விலை கொடுக்காமல் மலை எடுக்கப்பட்டது என்று தீர்ப்பளித்தது; வட்டியோடு 10 கோடி டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னது. லக்கோட்டாக்கள் தொடவில்லை. கஜானாவில் கிடந்து வட்டி ஏறி, அது 100 கோடியைத் தாண்டிவிட்டது. அவர்கள் மலையைக் கேட்கிறார்கள்.