கேம்பிரிட்ஜில் நம்மவர் ஒருவர்

ஸ்ரீநிவாஸ ராமானுஜனைப் பற்றி நாம் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். 1887-இல் ஈரோட்டில் பிறந்தது, கும்பகோணத்தில் வளர்ந்தது, எப்.ஏ. பரீட்சையில் தவறியது, சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாக இருந்தது, 1913-இல் கேம்பிரிட்ஜிலிருந்த கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதியது எல்லாம் நமக்கு மனப்பாடம். அவருடைய கணிதத்தை எடை போட எனக்குத் தகுதி இல்லை. நான் இரசாயனம் படிப்பவன். ஆனால் ஊரைவிட்டு நெடுந்தூரம் வந்து, ஒற்றை அறையில் தங்கி ஆராய்ச்சி பழகுகிறவன். அந்த ஒரே உரிமையில், அந்நிய நாட்டில் அவர் என்ன சாப்பிட்டார், எப்படித் தூங்கினார், யாரோடு பேசினார் என்பதை மட்டும் சொல்ல விரும்புகிறேன்.

கடல் கடப்பது அன்றைய வைஷ்ணவக் குடும்பத்தில் சாமான்யமான காரியமல்ல. தாயார் கோமளத்தம்மாள் இசைந்த பிறகே அவர் புறப்பட்டார். சென்னையிலேயே குடுமி போயிற்று. கோட்டும் காலரும் வந்தன. முள்கரண்டி பிடிக்கவும் பழகினார். இந்தக் கோலத்தைத் தாயாரும் மனைவி ஜானகியும் காண வேண்டாமென்று அவர்களை முன்கூட்டியே கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார். 1914 மார்ச் 17-ஆம் தேதி ‘நெவாஸா’ கப்பல் சென்னையை விட்டது. ஏப்ரல் 14-ஆம் தேதி லண்டன் சேர்ந்தார். சென்னைச் சர்வகலாசாலை வருஷத்துக்கு 250 பவுனும், டிரினிடி கல்லூரி 60 பவுனும் உதவிச் சம்பளம் தந்தன. அதில் 50 பவுனைக் குடும்பத்துக்கென்று ஒதுக்கினார்.

முதல் சில வாரங்கள் நெவில் என்ற கணித ஆசிரியர் வீட்டில் தங்கினார். பிறகு கல்லூரி அறை கிடைத்தது. அங்கேதான் நமக்கெல்லாம் தெரிந்த கஷ்டம் ஆரம்பமாயிற்று: ஆகாரம். கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்தில் அவர் உண்ணவில்லை. காய்கறியைக்கூட மிருகக் கொழுப்பில் வறுத்திருப்பார்களோ என்ற பயம். ஊரிலிருந்து புளி முதலியவை பார்சலில் வரும். அறையிலேயே அடுப்பு மூட்டித் தாமே சமைத்துக்கொள்வார். கணக்கில் மூழ்கிவிட்டால் சமையல் ஏது? சில சமயம் முப்பது மணி நேரம் விடாமல் வேலை செய்வார்; பிறகு இருபது மணி நேரம் தூங்குவார். ஒரு வேளைச் சாப்பாட்டோடு நாள் கழிவதும் உண்டு.

தூக்கமும் சுகமாக இல்லை. பிற்காலத்தில் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை 1931-இல் நிறுவிய மஹாலனோபிஸ் அப்போது அங்கே மாணவர். ஒரு நாள் ராமானுஜனின் அறைக்குப் போனவர், இரவில் குளிர் தாங்காமல் அவர் மேல்கோட்டையும் சால்வையையும் போர்த்துக்கொண்டு படுப்பதை அறிந்தார். படுக்கையைப் பார்த்தால், அதில் கம்பளிகள் இருந்தன! மெத்தைக்கு அடியில் இறுகச் செருகி, மேலே விரிப்பு போட்டிருந்தபடியால், அதைப் பிரித்து உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை, சொல்வாரும் இல்லை. மஹாலனோபிஸ்தான் காட்டிக்கொடுத்தார். ஹார்டி அவரை அநேகமாக தினமும் சந்தித்தவர், நல்லவர், அவருக்காக எவ்வளவோ பாடுபட்டவர். ஆனால் அந்தச் சந்திப்புகளில் புதுத் தேற்றங்களுக்குத்தான் இடம் இருந்தது, கம்பளிக்கு இல்லை.

இன்னொரு சம்பவம். சாட்டர்ஜி என்ற இந்திய மாணவரையும், அவர் மணக்கவிருந்த பெண்ணையும், வேறொரு பெண்மணியையும் ராமானுஜன் விருந்துக்கு அழைத்தார். தம் கையால் சமைத்துத் தாமே பரிமாறினார். இரண்டு முறை வாங்கிக்கொண்ட பெண்கள் மூன்றாம் முறை போதும் என்றார்கள். சற்று நேரத்தில் மனிதரைக் காணோம்! சில நாள் கழித்து ஆக்ஸ்போர்டிலிருந்து தந்தி வந்தது, 5 பவுன் அனுப்பும்படி. பரிமாறியதை மறுத்தது அவர் மனத்தைப் புண்படுத்திவிட்டதாம். இதைப் படித்துச் சிரிப்பவர் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தன் ஊரில் தனக்கிருந்த உறவெல்லாம் ஒரு பாத்திரம் ரசத்துக்குள் அடங்கிவிட்ட மனிதருக்கு, அதை வேண்டாமென்பது எப்படி இருந்திருக்கும்!

1914 ஆகஸ்டில் யுத்தம் மூண்டது. இளம் கணித அறிஞர்கள் பலர் யுத்த வேலைக்குப் போனார்கள். உணவுப் பண்டங்கள் அருகின. கடலில் நீர்மூழ்கிகளின் பயம். ஊரிலும் நிம்மதி இல்லை. ஜானகி எழுதிய கடிதங்களை மாமியார் தடுத்துவிட்டார். மனைவி ஏன் எழுதவில்லை என்று கணவர் அங்கே ஏங்க, கணவர் ஏன் எழுதவில்லை என்று மனைவி இங்கே ஏங்கினார்.

இத்தனைக்கும் நடுவில்தான் அவர் 1916-இல் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றார். ஹார்டியோடு சேர்ந்து பிரிவினைக் கணக்கையும் தீர்த்தார். 4 என்ற எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என்று 5 விதமாகப் பிரிக்கலாம். 200-ஐ எத்தனை விதமாகப் பிரிக்கலாம்? 39,72,99,90,29,388 விதமாக. அவர்கள் கண்ட சூத்திரம் இந்த விடையைத் தந்தது.

1917-இல் உடம்பு படுத்துவிட்டது. க்ஷயரோகம் என்று கருதி, ஜன்னல்களைத் திறந்து வைக்கும் ஆரோக்கிய நிலையங்களுக்கு அனுப்பினார்கள். குளிருக்கு நடுங்கியவருக்கு அந்த வைத்தியம்! அது ஈரலைத் தாக்கும் அமீபா நோயாக இருக்கலாம் என்றும், அக்காலத்திலேயே குணப்படுத்தக் கூடியதே என்றும் 1994-இல் ஒரு மருத்துவர் ஆராய்ந்து எழுதினார். 1918-இன் தொடக்கத்தில் ராமானுஜன் லண்டன் சுரங்க ரயில் பாதையில் விழுந்தார். உயிரை விடவே விழுந்தார். வண்டி சில அடி தூரத்தில் நிறுத்தப்பட்டதால் பிழைத்தார். அதே வருஷம் ராயல் சங்கத்தின் அங்கத்தினர் பதவியும், டிரினிடி பெல்லோ பதவியும் வந்தன. 1729-ஆம் எண் டாக்ஸிக் கதையை நாம் குதூகலத்தோடு சொல்கிறோம். அது புட்னியில் நோயாளியின் படுக்கையருகே நடந்த பேச்சு என்பதை மறந்துவிடுகிறோம்.

1919 மார்ச்சில் தாய்நாடு திரும்பினார். 1920 ஜனவரியில்கூடப் புதிய கண்டுபிடிப்பொன்றை ஹார்டிக்கு எழுதினார். ஏப்ரல் 26-ஆம் தேதி சென்னையில் காலமானார். வயது 32. அருகில் ஜானகி இருந்தார்.

நண்பர்களே, நம் சங்கம் பொங்கலன்று கூடுகிறது. வயிறாரச் சாப்பிட்டுக் கலைகிறோம். மறுநாள் முதல் யார் மெஸ்ஸுக்கு வரவில்லை, யார் அறையில் பகலெல்லாம் கதவு சாத்தியிருக்கிறது என்று பார்ப்பவர் யார்? ஆராய்ச்சி எப்படிப் போகிறது என்று எல்லோரும் கேட்கிறோம். ராத்திரி குளிருக்கு என்ன செய்கிறாய் என்று கேட்க, மஹாலனோபிஸைப்போல் ஒருவர் அறைக்குள் வர வேண்டியிருக்கிறது. இவ்வருஷம் புதிதாக வந்திருக்கும் மாணவர்களை, மார்கழி பிறப்பதற்குள் நாம் ஒவ்வொருவரும் ஒருவராவது அறையில் போய்ப் பார்த்து வருவோமென்று சங்கத்தின் முன் வைக்கிறேன். செலவு ஒன்றும் இல்லை. அரை மணி நேரம் போதும்.