இரவல் நூல்கள் காட்டிய வழி

காளவாசலில் பத்தாம் வகுப்புத் தேறிய பிள்ளைகள் கூடினால் ஒரே பேச்சு: மேனிலையில் எந்தப் பிரிவு? தத்துவப் பட்டம் பெற எண்ணும் ஓரிருவர்க்குக் குழப்பம் இன்னும் அதிகம். அவர்கள் டாக்டர் இராதாகிருஷ்ணனின் இளமையை அறிவது நலம்.

1888-இல் திருத்தணியில் எளிய குடும்பத்தில் பிறந்த அவர், உதவித்தொகையின் துணையால் வேலூரில் பயின்று சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்கு வந்தார். கணிதமா, அறிவியலா, வரலாறா, தத்துவமா? முடிவு செய்ய இயலாது தவித்தார். அங்கேயே பட்டம் பெற்ற உறவினர் ஒருவர் தம் பாடநூல்களைக் கொடுத்துதவினார். வெல்டனின் அளவையியல், ஸ்டௌட்டின் உளவியல், மெக்கன்சியின் அறவியல்! நூல் வாங்கும் செலவு மிச்சம், பாடமும் முடிவாயிற்று. வறுமை செய்த தேர்வு என்றே சொல்லலாம்.

நாட்டம் பிறகே வந்தது. இந்து சமயத்தின்மீது கிறித்தவ ஆசிரியர்கள் தொடுத்த கண்டனங்கள் அவர் உள்ளத்தைத் தைத்தன. விடை தேடி வேதாந்தத்துள் புகுந்தார். 1908-இல் முதுகலைக்காக வேதாந்தத்தின் அறநெறி பற்றி ஆய்வுரை எழுதினார். அதை மனமாரப் பாராட்டியவர் ஹாக் என்னும் கிறித்தவப் பேராசிரியரே. அந்த ஆசிரியரின் பெருந்தன்மையையும் நாம் மறத்தல் ஆகாது.

1909-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். 1936-இல் ஆக்ஸ்போர்டில் அவர் ஏற்ற பேராசிரியர் பதவி, கீழை நாட்டுச் சமயங்களுக்கும் அறவியலுக்கும் உரியது.